ஆறாவது கேள்வி

ஜூன் 9, 2025, திங்கள்

காலையிலேயே கண்ணாடி உடைந்தது. வன்னியம்பட்டி ஆட்கள் இருபது பேர் எங்கள் துணை மின்நிலையத்துக்கு வந்து நின்றார்கள். டிரான்ஸ்பார்மர் எரிந்து இரண்டு நாளாக ஊரில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஒருத்தன் செங்கல்லை எடுத்து கன்ட்ரோல் ரூம் ஜன்னலைப் பார்த்து எறிந்தான். சாம்சன் மேஜைக்கு அடியில் போய்விட்டார். ஐம்பத்தாறு வயசு ஆபரேட்டர், முப்பது வருஷ சர்வீஸ், ஆனால் கல்லைக் கண்டால் மட்டும் சின்னப்பிள்ளை. நான் வெளியே போய் எறிந்தவனின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "எறிலே. இன்னொண்ணு எறி, பாக்கேன்." பொம்பளை இன்ஜினியர் சட்டையைப் பிடிப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பிறகு எல்லாரும் உட்கார்ந்து டீ குடித்தோம். சாயங்காலம் வேறு டிரான்ஸ்பார்மர் போய்ச் சேர்ந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போகிறது. நாற்பத்திரண்டு வயசாகியும் அடங்கவில்லை.

தபாலில் ஒரு சுற்றறிக்கை. மின்கட்டமைப்பில் கணினிக் கோளாறு வந்தால் சமாளிக்க அரசு தயாராக இருக்கிறதா என்று மேலே யாரோ கேட்டிருக்கிறார்கள். அது இறங்கி இறங்கி என் மேஜைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் இந்த மாதத்துக்குள் ஒத்திகை நடத்த வேண்டும். கணினியை நிறுத்தி இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் கையால் இயக்க வேண்டும். மறுபடி கணினியைப் போட்டு, எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்துக் கேள்விப் படிவம் ஒன்று, புகைப்படம் இரண்டு.

நல்ல யோசனைதான். இருபதாம் தேதி என்று காலண்டரில் குறித்தேன்.

ஜூன் 12, வியாழன்

மில்களுக்கு முறைப்படி தகவல் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு போலிருக்கிறது. அரை மணி நேரத்தில் நூல் மில் மேனேஜர் சோலைராஜ் போன் செய்தார். "கம்ப்யூட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணையில கரண்ட் ஒரு நிமிஷம் போனாக்கூட நூல் அம்புட்டும் அறுந்துரும் மேடம். திரும்ப ஓட்ட ஒரு ஷிப்ட் ஆகும். யாரு பதில் சொல்லுவா?"

அடுத்து செயற்பொறியாளர் ஆவுடையப்பன் சார். "ஏம்மா கல்பனா, ஊர் பூரா தமுக்கடிச்சுட்டுத்தான் ஒத்திகை நடத்துவியா? படிவத்த எழுதி அனுப்பிரு."

"செய்யாம எப்படி சார் எழுத?"

"சுத்துவட்டாரத்துல நெசமாச் செஞ்சவன் ஒருத்தன் பேரச் சொல்லு."

ஒருத்தனும் கிடையாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

ஒத்திகை முடிந்தது. மொத்தம் ஏழு நிமிஷம்.

கணினியை நிறுத்தவில்லை. மானிட்டரை மட்டும் அணைத்தோம். கறுப்புத் திரைக்கு முன்னால் சாம்சன் தலையைச் சீவி ஹெல்மெட் போட்டு, போனைக் காதில் வைத்து நின்றார். ஒரு லைன்மேன் வேண்டுமே என்று, டூல்ஸ் எடுக்க வந்த மம்சாபுரம் குருசாமியையும் நிற்க வைத்தோம். குருசாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று தடவை படம் பிடிக்க வேண்டியதாயிற்று.

"நெசமாவே கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னா என்ன மேடம் செய்வீக?"

"உன்னத்தான் கூப்பிடுவேன்" என்றேன். அதற்கும் சிரித்தான்.

படிவத்தில் பத்துக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டேன். ஆறாவது கேள்வியில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது. கணினி மீண்டும் இயங்கிய பின், கொடுத்திருந்த எல்.சி. பூட்டுகள் அப்படியே இருந்தனவா? எல்.சி. என்றால் கம்பத்தில் ஏறுகிறவன் நம்மிடம் கேட்டு வாங்குவது. லைனை நிறுத்து, நான் இறங்கிச் சொல்லும்வரை போடாதே என்று. முன்பெல்லாம் எல்.சி. கேட்டால் ஆபரேட்டர் வெளியே சுவிட்சுகள் இருக்கும் யார்டுக்கு நடந்து போய்க் கையால் சுவிட்சைப் பிரித்து, நிஜப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு, ரிஜிஸ்டரில் எழுதுவார். கணினி வந்த பதினாலு மாசமாகத் திரையில் மஞ்சளாக ஒரு பூட்டுப் படம் விழுகிறது. ரிஜிஸ்டரை நிறுத்தச் சொல்லி உத்தரவே வந்தது. ஆனால் யார்டுக்கு நடப்பதை நிறுத்தச் சொன்னது உத்தரவு இல்லை, நான்தான். சாம்சனுக்கு மூட்டுவலி. படம் விழுகிறதே, போதும் என்றேன்.

'ஆம்' என்று டிக் போட்டு அனுப்பிவிட்டேன். ஒரு பாரம் குறைந்தது.

ஜூலை 2, புதன்

காற்று. தென்னை மட்டை விழுந்து மூன்று இடத்தில் கம்பி அறுந்தது. கம்பியில் தவறிக் கரண்ட் வந்தால் பூமிக்கு இறக்கிவிடும் எர்த் ராடு, இருந்த ஒரே செட்டையும் வத்திராயிருப்பு ஆட்கள் வாங்கிப் போய்விட்டார்கள். இன்னொரு செட் கேட்டு எழுதி எட்டு மாசம் ஆகிறது.

ஜூலை 11, வெள்ளி

குருசாமி செத்துப்போனான்.

வரிசையாக எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

10.40. மம்சாபுரத்தில் தென்னந்தோப்பு ஓரம் கம்பியில் மட்டை கிடக்கிறது என்று குருசாமி போன். எல்.சி. கேட்டான். நான் சாம்சனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சாம்சன் மம்சாபுரத்துக்குக் கரண்ட் போகும் ஃபீடரை நிறுத்தினார். மஞ்சள் பூட்டு விழுந்ததைப் பார்த்தேன். "ஏறிக்கோ குருசாமி" என்றார்.

11.05. திரை உறைந்துவிட்டது. எந்த நம்பரும் நகரவில்லை. கணினி போட்ட கம்பெனிக்காரன் போனை எடுக்கவில்லை.

11.10. நான் சொன்னேன், ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. சாம்சன் சொன்னார், "மேடம், குருசாமி மேல இருக்கான். எதுக்கும் ஒரு போனப் போட்டு எறங்கச் சொல்லிட்டு—" நான் சொன்னேன்—

நான் என்ன சொன்னேன்?

"அதான் பூட்டு இருக்குல்ல, போடுங்கய்யா."

அதுதான் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

11.13. கணினி எழுந்தது. கடைசியாகச் சேமித்து வைத்த காலை எட்டு மணிக்கு எது எது ஓடிக்கொண்டிருந்ததோ அதையெல்லாம் தானாகவே போட்டது. யார்டில் ப்ரேக்கர் ஒவ்வொன்றாக விழும் சத்தம். டம். டம். டம். மம்சாபுரம் ஃபீடரில் சிவப்பு விளக்கு. இங்கே சிவப்பு என்றால் கரண்ட் ஓடுகிறது. சாம்சன் கத்திக்கொண்டே போய்க் கையால் அடித்து நிறுத்தினார். நாலு செகண்டு இருக்கும். நாலு செகண்டு போதும்.

ஜீப்பில் போனேன். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான். வலது கை முழங்கை வரைக்கும் கரி. செருப்பு தெறித்து எங்கேயோ கிடந்தது. சட்டை இன்னும் புகைந்தது. தோப்புக்காரர் கீழே உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாடை... முடியை இரண்டு தடவை அலசிவிட்டேன், போகவில்லை.

திரும்பி வந்தபோது சாம்சன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் அவரை அறைந்தேன். என்னைவிடப் பதினாலு வயசு மூத்த மனுஷனை. "யாருய்யா சுவிட்ச்ச போட்டது? யாரு கை?" என்று கத்திக் கத்தி அறைந்தேன். அவர் தடுக்கவே இல்லை. 'நீங்கதான் மேடம் சொன்னீக' என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த ஆள்.

ஜூலை 12, சனி

இடது புருவத்துக்கு மேல் ஆறு தையல்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரி பிணவறையிலிருந்து கூட்டம் நேரே எங்கள் கேட்டுக்கு வந்தது. முன்னூறு பேராவது இருக்கும். கேட்டைப் பிடுங்கிவிட்டார்கள். ஜீப்பைக் கவிழ்த்தார்கள். ரெக்கார்டு ரூமில் பீரோவைச் சாய்த்து மிதித்தார்கள். போலீஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று.

குருசாமியின் தம்பி ராக்கப்பன், லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். கையில் சவுக்குக் கட்டை. முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"எங்கண்ணன் போன் பண்ணி எல்.சி. கேட்டானா இல்லையா? அத மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

ஆவுடையப்பன் சார் என் முழங்கையைப் பின்னாலிருந்து நகம் பதியப் பிடித்தார். "வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. ராக்கப்பன் எண்ணிப் பார்த்த மாதிரி ஒரு மூச்சு நேரம் காத்திருந்தான். அப்புறம்தான் அடித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் அடித்திருக்க மாட்டான் என்று நினைக்கிறேன். விழுந்து கிடந்தபோது வலியைவிட ஒரு நிம்மதிதான் முதலில் வந்தது. இதை யாரிடம் சொல்ல?

சுற்றியிருக்கிற பேண்டேஜ் நம்ம ஊர்த் துணிதான். ஓரத்தில் மில் பெயர்.

ஜூலை 14, திங்கள்

பேப்பரில் வந்துவிட்டது. 'அனுமதி பெறாமல் கம்பத்தில் ஏறிய ஊழியர் பலி.'

கணினியைத் திறந்து பார்த்தார்களாம். 10.40க்கு எல்.சி. கொடுத்ததாகப் பதிவே இல்லை. ஆஃப் செய்தபோது பூட்டும் போய், பூட்டுப் போட்ட கணக்கும் போய்விட்டது. ரிஜிஸ்டர் இருந்திருந்தால் சாம்சன் கையெழுத்தில் குருசாமி பெயர் இருந்திருக்கும். போன் வந்த நேரம் தெரியும், என்ன பேசினார்கள் என்று போனில் இருக்காது. ஆக, குருசாமி எல்.சி. கேட்டது தெரிந்த உயிர் இந்த உலகத்தில் இரண்டுதான். ஒன்று சாம்சன். இன்னொன்று இங்கே தலையில் கட்டோடு படுத்துக் கிடக்கிறது.

மம்சாபுரத்தில் அதற்குள் குடித்துவிட்டு ஏறினான் என்று பேச்சு கிளம்பிவிட்டதாம். குருசாமி வாழ்நாளில் குடித்ததில்லை. பீடிகூடக் கிடையாது.

ஜூலை 15, செவ்வாய்

ராக்கப்பனின் வலது கையை உடைத்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் வைத்து. நான் புகாரே கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் சேதுபதி ஏட்டு. அவர் ஆட்கள் தாங்களாகவே போய்த் தூக்கி வந்திருக்கிறார்கள்.

சாப்பிட உட்கார்ந்தபோது சேதுபதி சாதாரணமாகச் சொன்னார். "இனி அவன் கட்டையத் தூக்க மாட்டான். ஆட்டோவும் ஓட்ட மாட்டான்." எனக்காகச் செய்ததாக நினைக்கிறார். சாம்பார்ச் சட்டியை எடுத்துச் சுவரில் அடித்தேன். "அவன் கேட்டது நியாயம். அவன் அண்ணன நான்தான் கொன்னேன்" என்றேன்.

"வாய மூடு. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும்."

அறைந்தார். நானும் திருப்பி அறைந்தேன். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் இரண்டுமே முதல் தடவை. தையலில் ரத்தம் கசிந்தது. அவரே துடைத்துவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

ஆவுடையப்பன் சார் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு பழுப்புக் கவர். கவரில் எனக்காக அவரே டைப் அடித்த வாக்குமூலம். 'லைன்மேன் குருசாமி எவ்வித முன் அனுமதியும் பெறாமலும், எர்த் ராடு பயன்படுத்தாமலும், தன்னிச்சையாக...'

"எர்த் ராடு நம்மகிட்ட இருந்துச்சா சார்?"

"அத யாரு கேக்கப் போறா? இந்தா பாரு கல்பனா. ஒரு கையெழுத்து. நீ தப்பிச்ச, சாம்சன் தப்பிச்சான், நான் தப்பிச்சேன். கம்ப்யூட்டரே அப்படித்தான் சொல்லுது. செத்தவனுக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

செத்தவனுக்கு ஆகாது. அவன் பெண்டாட்டி பாண்டிசெல்விக்கு ஆகும். தப்பு அவன் மேல் என்று எழுதிவிட்டால் வாரிசு வேலை கிடையாது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பேர் மட்டும் மிஞ்சும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. தலையாட்டினேன். ஹார்லிக்ஸை வாங்கி வைத்தேன்.

காகிதத்தைக் கிழிக்கவும் இல்லை. தலையணைக்கடியில் இருக்கிறது. எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது.

ஜூலை 21, திங்கள்

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன், பிறகு கோடிட்டு அடித்தேன். அதே வாசகத்தை டைப் அடித்து மறுபடி பிரிண்ட் எடுத்தேன். போடவில்லை.

ஜூலை 24, வியாழன்

சாம்சனும் அவர் மனைவி ஷெரினும் வந்தார்கள். சாம்சன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். ஷெரின்தான் உள்ளே வந்தது. அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது, நான் கையெழுத்துப் போடவில்லை என்று.

"நீங்க நெசத்தச் சொல்லப் போறீகளாமே. சொல்லுங்க. சுவிட்ச்சப் போட்டது இவுக கை. இன்னும் நாலு வருசத்துல ரிட்டயர்டு. செயிலுக்கு அனுப்பிட்டு நீங்க நல்லவுக ஆயிருவீகளா?"

"நான்தான் போடச் சொன்னேன்னு சேத்துச் சொல்லுவேன்."

"சொல்லி? ரெண்டு பேரும் உள்ள போவீக. எனக்கு என்ன லாபம்?" என்று சொல்லிக்கொண்டே சுவரில் நெற்றியை முட்டினார். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. நான் போய்க் கட்டிப்பிடித்து இழுத்தேன். என் கையைக் கடித்துவிட்டார். நல்ல ஆழமாக. அப்படியே இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம், அவர் நெற்றியில் ரத்தம், என் கையில் ரத்தம்.

போகும்போது சாம்சன் மட்டும் திரும்பி வந்தார். "எனக்குத் தூக்கம் இல்ல மேடம். கண்ண மூடுனா அந்தச் சத்தம். நீங்க என்ன சொன்னாலும் அது சரி. அவகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

அன்றைக்கு அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

ஜூலை 28, திங்கள்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். உள்ளூர் விடுமுறை. தேர் ஓடும் நாலு வீதிக்கும் கரண்டை நிறுத்தியாக வேண்டும். சாம்சன் டூட்டி. கணினியைத் தொடாமல் யார்டுக்கு நடந்து போய் எல்லாச் சுவிட்சையும் கையால் பிரித்து, கடையில் தன் காசில் வாங்கிய பூட்டுகளைப் போட்டு, சாவிக் கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தேர் நிலைக்கு வரும்வரை வெயிலிலேயே நின்றாராம். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை துறை விசாரணை.

ஜூலை 31, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மூன்று அதிகாரிகள். ஆவுடையப்பன் சார் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், நான் அவர் டைப் அடித்ததை நீட்டுவேன் என்ற நம்பிக்கையில். குருசாமி 10.40க்கு எல்.சி. கேட்டான், கொடுத்தோம், நான் என் கண்ணால் பூட்டைப் பார்த்தேன் என்றேன். கணினியை ஆஃப் செய்து போடச் சொன்னது நான். லைன்மேன் மேலே இருக்கிறான் என்று ஆபரேட்டர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை. எர்த் ராடு அவனிடம் இல்லை, ஏனென்றால் நாங்கள் கொடுக்கவில்லை.

நடுவில் இருந்த அதிகாரி அம்மா ஒத்திகைப் படிவத்தை எடுத்துக் காட்டினார். என் டிக்குகள், என் கையெழுத்து, கறுப்புத் திரை, சிரிக்கிற குருசாமி.

"ஒத்திகையில் பூட்டுகள் நிலைத்திருந்தன என்று எழுதியிருக்கிறீர்களே?"

"ஒத்திகையே நடக்கலம்மா. மானிட்டர மட்டும் ஆஃப் பண்ணி போட்டோ எடுத்தோம். நெசமா நடத்தியிருந்தா ஜூன் இருவதாந்தேதியே தெரிஞ்சிருக்கும், கணினி திரும்ப வாரப்போ எல்லாத்தையும் மறந்துட்டுத் தானா லைனப் போட்டுரும்னு. அன்னைக்குக் கம்பத்துல யாரும் இல்ல."

"உங்கள் நிலையத்தில் மட்டுமா?"

"எல்லா இடத்துப் போட்டோவையும் எடுத்துப் பாருங்க. கம்ப்யூட்டர் பெட்டியில பச்ச லைட் எரியுதான்னு பாருங்க."

ஆவுடையப்பன் சார் எழுந்து நாற்காலியை உதைத்தார். "பொய்! பொம்பளைக்குத் தலையில அடிபட்டு மூளை கலங்கிருச்சு!" கையில் இருந்த கனமான ஃபைலை என் முகத்தைப் பார்த்து எறிந்தார். நேரே தையல் பிரித்த காயத்தில் பட்டது. அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். வடிந்த ரத்தத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டு கடைசிவரை எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்தேன். இந்தத் தடவை என் கை ஓங்கவில்லை. ஓங்கத் தோன்றவும் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

சஸ்பெண்ட். எனக்கும் சாம்சனுக்கும். கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு, முதல் எதிரி நான். ஆவுடையப்பன் சாருக்கு இடமாற்றம், அவ்வளவுதான். இருக்கட்டும்.

சேதுபதி சிவகாசிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸில் தங்கப் போகிறாராம். "ஸ்டேஷன்ல எவன் மொகத்துல முழிக்க?" என்றார். ராக்கப்பன் கையைப் பற்றியும் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று நான் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கதவை எட்டி உதைத்தார். தாழ்ப்பாள் தெறித்துவிட்டது. இன்னும் சரிசெய்யவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ராக்கப்பன். கட்டுப் பிரித்த கை முழங்கையில் கோணிக்கொண்டு நின்றது. பயத்தில் நான் ஒரு அடி பின்னால் போனேன். அவன் இடது கையால் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து நீட்டினான். விசாரணை அறிக்கை.

"வந்து பத்து நாளாச்சு. பூரா இங்கிலீசு. வக்கீல் 'ஒங்களுக்குச் சாதகம்'னு மட்டும் சொல்லுதாரு. ஊருல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான். இன்னும் குடிச்சுட்டு ஏறுனான்னுதான் பேசுதானுவ. நீங்க வந்து எல்லாருக்கும் கேக்க வாசிச்சுச் சொல்லணும்."

"நான் எப்படி வர? என்னக் கண்டா—"

"வேற யாரு வாசிச்சாலும் நம்ப மாட்டாக."

அவனோடு பஸ்ஸில் போனேன். மம்சாபுரத்தில் குருசாமி வீட்டு முன்னால் தெருவில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஒலிபெருக்கிகூடக் கட்டியிருந்தார்கள். பாண்டிசெல்வி வாசலில் நின்றாள். அவளை அன்றைக்குத்தான் முதல்முறை நேராகப் பார்த்தேன். சின்ன உருவம். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். குருசாமி முறைப்படி அனுமதி கேட்டார். அனுமதி கொடுக்கப்பட்டது. பிரேதப் பரிசோதனையில் மது இல்லை. அதைச் சொன்னபோது கூட்டத்தில் ஒரு கிழவர் ராக்கப்பனைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். மரணத்துக்கு இறந்தவர் எந்த வகையிலும் காரணம் அல்ல. அதை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்.

அடுத்த பத்தி என்னைப் பற்றியது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. 'ஒத்திகைப் படிவத்தின் ஆறாவது கேள்விக்கு உதவிப் பொறியாளர் கல்பனா பொய்யான பதிலளித்தார். ஆபரேட்டரின் எச்சரிக்கையை மீறி, ஊழியர் கம்பத்தில் இருப்பது தெரிந்தே, கணினியை மறுபடி இயக்கச் சொன்னார்.' ஒலிபெருக்கியில் என் குரலே என் பெயரைச் சொன்னது.

பாண்டிசெல்வி படியிறங்கி வந்து என்னை அறைந்தாள். மைக் தெறித்துக் கீழே விழுந்து கிறீச்சிட்டது. இன்னொரு அறை. கன்னத்தின் உள்பக்கம் பல் பட்டுக் கிழிந்தது. கூட்டம் எழுந்துவிட்டது, எவனோ கல்லையும் எடுத்துவிட்டான். அவள் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். "எவனும் கைய வைக்கப்படாது!" கல்லை எடுத்தவன் கீழே போட்டான்.

குனிந்து மைக்கை எடுத்துச் சேலையில் துடைத்து என் கையில் கொடுத்தாள்.

"மிச்சத்தையும் வாசிங்க."

ரத்தத்தை விழுங்கிக்கொண்டு வாசித்தேன். இன்னும் நாலு பக்கம் இருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

பாண்டிசெல்விக்கு வேலை உத்தரவு வந்துவிட்டதாம், ராக்கப்பன் சொன்னான். எனக்கு வாய்தா அடுத்த மாதம்.

இன்று எல்லா நிலையங்களிலும் ஒத்திகை. ஒரு நிலையத்துக்கு வெளியூர் அதிகாரிகள் இரண்டு பேர் வந்து நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவு. என் நாற்காலியில் இப்போது இருக்கிற ஜெயசித்ரா, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, நேற்று மூன்று தடவை போன் செய்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். பத்து மணிக்கு ஆரம்பம். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உலை வைக்க மறந்துபோனேன்.

பன்னிரண்டே காலுக்குக் கூப்பிட்டாள். குரல் படபடத்தது.

"அக்கா, கம்ப்யூட்டர் திரும்ப வந்ததும் மூணு ஃபீடர்ல தானா கரண்ட் ஏறிருச்சுக்கா. கம்பெனிக்காரங்க சரிபண்ணிட்டோம்னு எழுதிக் குடுத்திருந்தாங்க. அப்பிடியும் ஏறிருச்சு. பூட்டு ஒண்ணுகூட இல்ல."

"மேல?"

"யாருமில்லக்கா. எல்லா லைன்மேனையும் யார்டுல வரிசையா நிக்க வச்சு, பேரக் கூப்பிட்டு, ஆளாளுக்கு 'இருக்கேன்'னு சொன்ன பொறவுதான் போடவே விட்டேன். மேல ஒருத்தரும் இல்ல."

போனை அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் "அக்கா? அக்கா?" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள்.

சாம்சனுக்குப் போன் போட்டேன். ஷெரின்தான் எடுத்தது. என் குரலைக் கேட்டதும் அவரிடம் கொடுத்தார். ஜெயசித்ரா சொன்னதை அப்படியே சொன்னேன். மேல யாருமில்லையாம் சாம்சன் என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்" என்றார். மறுபடியும் சொன்னேன்.